'றீட்' என்றால் வாசிப்பது மட்டும்தானா?

ஆங்கிலத்தில் 'றீட்' என்ற சொல்லுக்கு அகராதியில் ஒரு பக்கம் நிறையப் பொருள் கிடக்கிறதே, வாசிப்பதைத் தவிர வேறு எதற்கெல்லாம் அதைப் பாவிப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் ரியூசன் வகுப்புகளில் ஆங்கிலம் படிப்பிக்கிறவன் நான். பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள் என்பதை வைத்துச் சொல்கிறேன்.

இந்தச் சொல்லின் ஆதிப் பொருள் புத்தகத்தோடு ஒட்டியதே அல்ல. பழைய ஆங்கிலத்தில் அதற்கு ஆலோசனை சொல்வது, ஊகிப்பது, விளங்காததை விளங்கப்படுத்துவது என்றெல்லாம் பொருள். ஜேர்மன் மொழியில் இதன் உறவுக்காரச் சொல்லான 'ராட்டன்' இன்றைக்கும் ஆலோசனை சொல்வதையும் ஊகிப்பதையும்தான் குறிக்கிறது. வாசிப்பதற்கு அவர்களிடம் 'லேசன்' என்று வேறு சொல் உண்டு. நாங்கள் நொடி, விடுகதை என்கிறோமே, அந்த 'றிடில்' என்ற சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். 978இல் இங்கிலாந்தில் ஆட்சிக்கு வந்த எதெல்றெட் என்ற அரசனை 'அன்றெடி' என்பார்கள். ஆயத்தமில்லாதவன் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது துர்ப்புத்தி கேட்டவன் என்ற நக்கல். எதெல்றெட் என்ற பெயருக்கே 'உயர்ந்த ஆலோசனை' என்றுதான் பொருள். பட்டம் வைத்தவன் கெட்டிக்காரன்!

இது பிடிபட்டால் மிச்சம் லேசு. மீற்றர், கைரேகை, எக்ஸ்ரே, எதிரில் நிற்கிறவரின் முகம் எல்லாவற்றையும் ஆங்கிலேயர் 'றீட்' பண்ணுவார்கள். குறியைப் பார்த்துக் கருத்தை எடுப்பதுதான் அங்கே வேலை. தமிழில் அநேகமாக 'பார்' போதும். 'மீற்றர் வாசிப்பு' என்பது கடதாசித் தமிழ். வீட்டில் "மீற்றர் பாக்க ஆள் வந்திருக்கு" என்றுதான் கூப்பிடுவோம்.

பிள்ளைகள் உண்மையில் திணறுவது வேறோர் இடத்தில். தெர்மோமீற்றர் 38 என்று காட்டினால் அது 38 என்று 'றீட்' பண்ணுகிறதாம். வாகனம் நிறுத்தாதே என்று போர்ட்டில் எழுதியிருந்தால் போர்ட்டும் 'றீட்' பண்ணுகிறது. "சேர், போர்ட் எப்பிடி வாசிக்கும்? அதுக்கென்ன கண்ணா இருக்கு?" என்று ஒரு பெடியன் கேட்டான். நல்ல கேள்வி. வாசிக்கப்படும் பொருளே எழுவாயாக வந்தால் காட்டுகிறது, சொல்கிறது, எழுதியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்த வில்லங்கம் உச்சரிப்பு. நிகழ்காலத்தில் 'றீட்', இறந்தகாலத்தில் சிவப்பு நிறத்தைச் சொல்வதுபோல 'றெட்'. எழுத்துக்கூட்டல் மட்டும் ஒன்றே. 'ஐ' என்று தொடங்கும் வசனத்தில் நேற்று, தினமும் மாதிரி ஒரு சொல்லைத் தேடித்தான் காலத்தைப் பிடிக்கலாம். 'ஹி' அல்லது 'ஷி' வந்தால் கவலையே இல்லை. சாதாரண வசனத்தில் வினைச்சொல்லின் கடைசியில் 'எஸ்' இல்லாவிட்டால் அது இறந்தகாலம். கண்ணை மூடிக்கொண்டு 'றெட்' என்று வாசிக்கலாம்.

கூட்டங்களிலும் இந்தச் சொல் உலாவும். ஊர்ச் சனசமூக நிலையத்தில் போன கூட்ட அறிக்கையை முழுதாக வாசிக்கத் தொடங்கினால் பின்வரிசை எழும்பிவிடும். "எல்லாரிட்டையும் கொப்பி இருக்குத்தானே, வாசிச்சதா எடுப்பம்" என்று யாராவது சொல்வார்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'ரேக்கன் அஸ் றெட்' என்பார்கள். இப்போது சந்தேகமில்லாமல் ஏற்றுக்கொண்ட எந்த விசயத்துக்கும் அதைச் சொல்கிறார்கள். பட்ஜெட் காலத்தில் பேப்பரில் வரும் 'இரண்டாம் வாசிப்பு' பிரித்தானியப் பாராளுமன்ற வழக்கு. அச்சுப் பிரதி அரிதாக இருந்த காலத்தில் சட்டமூலத்தை உறுப்பினர்களுக்கு உரத்து வாசித்துக் காட்டினார்கள். இன்றைக்கு அந்தக் கட்டத்தில் நடப்பது விவாதமும் வாக்கெடுப்பும்தான்.

பழைய ஆட்களைப் பற்றிய ஆங்கிலக் குறிப்புகளில் 'அவர் கேம்பிரிட்ஜில் சட்டம் வாசித்தார்' என்ற மாதிரி வரும். பட்டப்படிப்பாகப் படித்தார் என்று அர்த்தம். பிரித்தானிய வழக்கு இது, அமெரிக்கர்கள் இப்படிச் சொல்வது குறைவு.

தமிழிலிருந்து அந்தப் பக்கம் போகும்போதும் கவனம் வேண்டும். அளவெட்டி பத்மநாதன் நாதஸ்வரம் வாசித்தார் என்பதை 'றெட்' போட்டு எழுதிய பிள்ளையும் உண்டு. அங்கே 'பிளேய்ட்' என்றுதான் வரவேண்டும். 'றீட் மியூசிக்' என்றால் சுரக்குறிப்புத் தாளைப் பார்த்து விளங்கிக்கொள்வது. அதற்குக் கையில் வாத்தியமே தேவையில்லை.