ஒன்றாம் எண் பட்டாவும் 400 பீச் மரங்களும்

கேள்வி: அமெரிக்காவில் 1860-களில் அரசு இலவசமாகக் கொடுத்த நிலத்தில் குடியேறிய விவசாயிகளில் வசதியாக வாழ்ந்தவர்கள் உண்டா? அப்படிப்பட்ட குடும்பத்தின் வாழ்க்கை எப்படி இருந்தது?

உண்டு. ஒரே ஒரு குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சொல்கிறேன். அந்தக் குடும்பம் உழுத மண்ணில் பலமுறை நடந்திருக்கிறேன் என்பதுதான் காரணம்.

நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் தெற்கே 40 மைல் தூரத்தில் இருக்கும் பியாட்ரிஸ் என்ற சிற்றூருக்குக் கூட்டிப்போவேன். ஊருக்கு மேற்கே டேனியல் ஃப்ரீமன் என்பவர் பட்டா வாங்கிய நிலம் இருக்கிறது. இப்போது அது தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில் உள்ள வரலாற்றுப் பூங்கா. அங்கே காட்சியகத்தின் முன்னால் இருக்கும் வாகன நிறுத்துமிடத்தைச் சரியாக ஒரு ஏக்கர் அளவில் கட்டியிருக்கிறார்கள். ஏக்கர் என்றால் என்னவென்றே தெரியாத நகரத்துப் பிள்ளைகளுக்காகச் செய்தது. என் அப்பாவுக்கு அது தேவைப்படவில்லை. காங்கேயம் பக்கம் நான்கு ஏக்கர் மானாவாரி நிலத்தை வைத்துக்கொண்டு எங்களைப் படிக்கவைத்தவர் அவர். காரை விட்டு இறங்கி ஒரு பக்கமாகக் காலடி வைத்து அளந்து பார்த்துவிட்டு, "சரியாகத்தான் இருக்கிறது. இதைப்போல எத்தனை கொடுத்தார்கள்?" என்று கேட்டார். "160" என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

160 ஏக்கர் என்பது கால் சதுர மைல். 1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் அதைக் கொடுத்தது. 21 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது குடும்பத் தலைவராக இருக்க வேண்டும். அமெரிக்க அரசை எதிர்த்து ஆயுதம் எடுத்தவராக இருக்கக்கூடாது. நிலத்தில் வீடு கட்டி, ஐந்து ஆண்டுகள் குடியிருந்து, உழுது பயிரிட்டு, இரண்டு சாட்சிகளை வைத்து அதை மெய்ப்பித்தால் பட்டா. மனுப் போடும்போது 12 டாலர், முடிவில் 6 டாலர், ஆக மொத்தம் 18 டாலர் கட்டணம். திருமணம் ஆகாத பெண்களும் கணவனை இழந்த பெண்களும் மனுப் போடலாம், வெளிநாட்டிலிருந்து வந்து குடியுரிமை கேட்டிருப்பவர்களும் போடலாம். கணவனோடு வாழும் பெண் மட்டும் தன் பெயரில் போட முடியாது. இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1863 ஜனவரி 1. அன்று மட்டும் நாடெங்கும் 418 பேர் மனுப் போட்டார்கள். அவர்களில் ஒருவர் ஃப்ரீமன். மிசௌரி ஆற்றங்கரையில் இருந்த பிரௌன்வில் நில அலுவலகத்தில் மனுப் போட்டார். அவர் படைப் பணிக்குத் திரும்ப வேண்டிய அவசரத்தில் இருந்ததாகவும், புத்தாண்டு இரவு விருந்தில் அலுவலகக்காரரிடம் பேசி நள்ளிரவு தாண்டியதுமே கதவைத் திறக்கவைத்ததாகவும் சொல்லும் கதை ஒன்று உண்டு. நாட்டிலேயே முதல் ஆள் இவர்தானா என்று வேறு சிலருக்காக வழக்காடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் போட்டியில் அக்கறை இல்லை. அவருடைய விண்ணப்பத்தின் எண் ஒன்று, சான்றிதழின் எண்ணும் ஒன்று, பதிவேட்டில் முதல் புத்தகத்தின் முதல் பக்கம். நம் கதைக்கு இது போதும்.

அவர் செழித்ததற்கு முதல் காரணம் அவர் தேர்ந்தெடுத்த இடம். வரைபடத்தில் அந்த நிலம் சதுரமாக இருக்காது. ஆங்கில 'டி' எழுத்தின் வடிவில், கப் கிரீக் என்ற ஓடையைத் தழுவிக்கொண்டு கிடக்கும். பக்கத்துப் புல்வெளிகளில் குடியேறியவர்கள் மரம் இல்லாமல், வேரோடு பெயர்த்த புல்மண் கட்டிகளை அடுக்கி வீடு கட்டிக்கொண்டார்கள். மழை பெய்தால் அந்தக் கூரை ஒழுகும், வெயில் காலத்தில் பாம்பு எட்டிப்பார்க்கும். அடுப்பெரிக்க விறகு இல்லாமல் காய்ந்த புல்லை முறுக்கி எரித்தவர்கள் ஏராளம். ஃப்ரீமனுக்கு ஓடையில் தண்ணீர் இருந்தது, கரையில் மரம் இருந்தது. நிலம் பார்க்கப் போகிறவன் முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். ஃப்ரீமன் அதைத்தான் செய்தார்.

இரண்டாவது காரணம் ஆக்னஸ்.

ஆக்னஸ் சூட்டர், அயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றின் கரையில் உள்ள லெக்ளேர் ஊர்க்காரர். டேனியலின் சகோதரர் ஜேம்ஸுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவர். ஜேம்ஸ் உள்நாட்டுப் போரில் இறந்துபோனார். அதன் பிறகு டேனியல் ஆக்னஸுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். கடிதத்திலேயே பேசி, கடிதத்திலேயே சம்மதம் பெற்று, 1865 பிப்ரவரியில் திருமணம் நடந்தது. டேனியலுக்கு அப்போது 40 வயது நெருங்கிக்கொண்டிருந்தது, ஆக்னஸ் இளம்பெண். ஆற்றங்கரை ஊரில் வளர்ந்தவர், கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல் அசையும் நாட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அவர் வந்து மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள், 1868 ஜனவரியில், டேனியல் பட்டாவுக்கான சாட்சியத்தைத் தாக்கல் செய்தார். அந்தத் தாளில் உள்ள விவரத்தைத்தான் நான் இங்கே நிறுத்தி நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஒரு குடும்பத்தின் உழைப்பை இதைவிடச் சுருக்கமாக எழுதியதை நான் படித்ததில்லை. பாதி மரக்கட்டையும் பாதி பலகையுமாக, 14-க்கு 20 அடியில் ஒரு வீடு. இரண்டு கதவு, இரண்டு சன்னல், மரச்சில்லுக் கூரை, பலகைத் தரை. உழுது வேலி போட்டுப் பயிரிட்ட நிலம் சுமார் 35 ஏக்கர். ஒரு குதிரை லாயம். 100 அடி நீளத்தில் ஆட்டுக் கொட்டகை. மக்காச்சோளக் கதிர் போட்டுவைக்க ஒரு பட்டறை. 40 ஆப்பிள் மரங்கள். சுமார் 400 பீச் மரங்கள்.

வீடு 20 அடி, ஆட்டுக் கொட்டகை 100 அடி. அம்மா இதைக் கேட்டதும் சிரித்தார். எங்கள் ஊரிலும் மாட்டுக்குக் கட்டுத்தரை போட்ட பிறகுதான் மனிதர்களுக்குத் திண்ணை கட்டினார்கள். பிறகு அம்மா கேட்டார்: "400 கன்றுக்கும் முதல் கோடையில் தண்ணீர் ஊற்றியது யார்?"

தாளில் அது இல்லை. ஆனால் டேனியல் மருத்துவம் படித்தவர், சுற்றுவட்டாரத்துக்கு வைத்தியம் பார்த்தவர். பிறகு சிறு வழக்குகளை விசாரிக்கும் சமாதான நீதிபதியாகவும், நம் மாவட்டம் போன்ற அந்த கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃபாகவும் இருந்திருக்கிறார். நோயாளிக்காகக் குதிரையேறிப் போனவர் அன்றே திரும்புவார் என்று சொல்ல முடியாது. வீட்டில் இருந்தவர் ஆக்னஸ். அந்தக் காலத்துப் பண்ணைப் பெண்ணின் ஒரு நாள் என்பது பால் கறந்து, வெண்ணெய் கடைந்து, முட்டையும் வெண்ணெயும் கடைக்குக் கொடுத்து உப்பும் காப்பித்தூளும் வாங்கி, கொழுப்பும் சாம்பல் நீரும் காய்ச்சிச் சோப்பு செய்து, தோட்டத்துக் காயைக் குளிர்காலத்துக்குப் பதப்படுத்தி, இடையில் பிள்ளை பெற்று வளர்ப்பது. ஆக்னஸுக்குப் பிள்ளைகள் நிறைய. பட்டா 1869-இல் வந்தது. அதில் டேனியல் ஃப்ரீமன் என்ற பெயர் மட்டும் இருக்கிறது.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் புல்வெளி நம் தரிசு போன்றதல்ல. ஆள் உயரத்துக்கும் மேலே வளரும் புல், அதைவிட ஆழத்துக்கு வேர். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பின்னிக்கிடந்த வேர்ப்பாய். வார்ப்பிரும்புக் கலப்பையில் அந்த ஈரமண் அப்பிக்கொள்ளும், சில அடிக்கு ஒருமுறை நின்று சுரண்ட வேண்டும். எஃகுக் கலப்பை வந்த பிறகுதான் அது வழிக்கு வந்தது. அதற்கும் ஒரு ஜோடி போதாது, பல ஜோடி காளைகளைப் பூட்டி முதல் உழவு ஓட்டுவார்கள். உழமுடியாத இடத்தில் கோடரியால் புல்தரையைக் கீறி, அந்தப் பிளவில் மக்காச்சோள விதையைப் போட்டுக் காலால் மிதித்து மூடிவிடுவது முதலாண்டு விவசாயம். இந்த வேலையில்தான் 35 ஏக்கர் என்பதை வைத்துப் பார்க்க வேண்டும்.

வசதி வந்த பிறகும் வானம் இரக்கம் காட்டவில்லை. 1874-இல் வெட்டுக்கிளிப் படை அந்தச் சமவெளி முழுவதையும் மேய்ந்தது. பயிர் போயிற்று, வேலியில் காயப்போட்ட துணி போயிற்று, கருவிகளின் மரப்பிடியில் வியர்வை உப்பு ஏறியிருந்த இடத்தைக்கூடக் கடித்தன என்று அந்த ஆண்டைக் கண்டவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அப்போது பலர் நிலத்தை விட்டுவிட்டுக் கிழக்கே திரும்பினார்கள். ஃப்ரீமன் குடும்பம் தங்கியது. வைத்தியத்தில் ஒரு வரும்படி, ஆட்டில் ஒன்று, பழத்தில் ஒன்று என்று பல கால்களில் நின்ற பண்ணை அது என்பதால் தாங்கியது என்று நான் நினைக்கிறேன். கோதுமையை மட்டும் நம்பியவனுக்கு ஒரு வெட்டுக்கிளி ஆண்டு போதும். 1876-இல், அந்த அழிவு நடந்து இரண்டே ஆண்டில், மரக்குடிலுக்குப் பதிலாகச் செங்கல்லில் மாடி வீடு கட்டினார்கள். பக்கத்து நிலங்களையும் வாங்கிச் சேர்த்தார்கள். அந்த வீடு இன்று இல்லை, 1916-இல் தீயில் போய்விட்டது.

இவர்களுடைய வசதி எல்லாருக்கும் வாய்த்ததல்ல என்பதற்குச் சாட்சி அதே பூங்காவில் நிற்கிறது. அந்த வட்டாரத்திலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கும் பால்மர் குடும்பத்தின் குடில், 1867-இல் கட்டியது. 14-க்கு 16 அடி. பின்னால் ஒரு சாய்ப்பு. அதற்குள் பத்துப் பிள்ளைகளை வளர்த்தார்கள். வாசலில் நின்றால் எதிர்ச்சுவரைத் தொட்டுவிடலாம் என்று தோன்றும்.

'இலவச நிலம்' என்று நீங்கள் கேட்டதால் இதையும் சொல்லியாக வேண்டும். அந்த நிலம் வெறும் நிலமாக இருக்கவில்லை. அந்தப் பகுதி ஓட்டோ-மிசௌரியா மக்களுடையது. 1854 ஒப்பந்தத்தில் பெரும்பகுதியை எழுதி வாங்கிக்கொண்டு, பிக் புளூ ஆற்றங்கரையில் ஒரு துண்டை ஒதுக்கினார்கள். ஃப்ரீமன் மரம் வைத்த காலத்தில் அவர்கள் இன்னும் அங்கேதான், அவருடைய நிலத்துக்குத் தெற்கே, வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1881-இல் அந்தத் துண்டும் கைவிட்டுப்போய் இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். நாடு முழுவதும் இந்தச் சட்டத்தின்கீழ் 16 லட்சம் பட்டா, 27 கோடி ஏக்கர் கொடுக்கப்பட்டன. அத்தனையும் ஏற்கெனவே யாரோ ஒருவரின் வேட்டைக்காடு, யாரோ ஒருவரின் சுடுகாடு. ஆக்னஸின் உழைப்பை மதிக்கிற அதே மனத்தோடு இதையும் சொல்கிறேன்.

டேனியல் வளைந்துகொடுக்காத மனிதர். முதுமையில் ஒரு வழக்கு நடத்தினார். அவர் நிலத்துக்கு அருகில் 1872-இல் கட்டிய செங்கல் பள்ளிக்கூடம் ஒன்று உண்டு, இன்றும் நிற்கிறது. அங்கே ஆசிரியை பைபிள் வாசித்து, ஜெபம் செய்து, துதிப்பாடல் பாடவைத்தார். அரசுப் பள்ளியில் இது கூடாது என்றார் ஃப்ரீமன். பள்ளிக் குழு கேட்கவில்லை. கீழ் நீதிமன்றத்தில் தோற்றார். விடாமல் மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 1902-இல் வென்றார். வயது 75 தாண்டியிருந்தது. ஊரே தேவாலயத்துக்குப் போகிற இடத்தில், பக்கத்து வீட்டுக்காரர்களை எதிர்த்து அப்படி நிற்பதற்குச் சொந்த நிலம் தந்த பலம் வேண்டும். சொந்த நிலம் உள்ளவனை ஊர் விலக்கிவைத்தாலும் அவன் அடுப்பு எரியும்.

அவர் 1908 டிசம்பர் 30 அன்று இறந்தார். ஆக்னஸ் அதன் பிறகு 22 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1931-இல் மறைந்தார். இருவரையும் அந்த நிலத்தின் மேட்டிலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். 1936-இல் அரசு அதை நினைவிடமாக்கியது. 1939-இல், உழுது ஓய்ந்த அந்த வயலில் பழைய புல்வெளியைத் திரும்பக் கொண்டுவரும் வேலையைத் தொடங்கினார்கள். எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. செப்டம்பரில் போனால் புல் தலைக்கு மேலே நிற்கும்.

போகிறவர்கள் காட்சியகத்தோடு திரும்பிவிடாதீர்கள். புல்வெளிக்கு நடுவே போகும் நடைபாதையில் ஓசேஜ் ஆரஞ்சு மரவேலி வரை நடந்து பாருங்கள். முள்கம்பி வருவதற்கு முன்னால் இதுதான் வேலி. நெருக்கமாக நட்டு, கிளையை வளைத்துப் பின்னி, மாடு நுழையாத சுவராக வளர்ப்பார்கள். இன்று பராமரிப்பின்றிப் பெரிய மரங்களாகிவிட்டன. அப்பா முள்ளைத் தொட்டுப் பார்த்து, "நம் கிளுவை வேலிதான் இது" என்றார். ஒடிந்து கிடந்த கிளையை நகத்தால் கீறினார், உள்ளே மஞ்சளாக இருந்தது. கீழே பச்சை நிறத்தில், மூளை போல மடிப்பு மடிப்பாக, தேங்காய்க்குக் கொஞ்சம் சிறியதாகக் காய்கள் உதிர்ந்து கிடந்தன. அம்மா ஒன்றை எடுத்து முகர்ந்தார். எலுமிச்சை வாசனை வந்தது. விதைக்கு ஒன்று கொண்டுபோகலாமா என்று கேட்டார். விமானத்தில் விடமாட்டார்கள் என்றேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார்.