வருடத்துக்கு ஒரு சண்டை, வருடச் சந்தா எதற்கு?

கேள்வி: மதுரை செல்லூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், குத்துச்சண்டை வீரர் டெரன்ஸ் கிராஃபோர்டின் ரசிகன். உலகத்தில் எந்தக் குத்துச்சண்டை நடந்தாலும் ஒரு வருடத்துக்குப் பார்க்கலாம் என்று சொல்லி, பழக்கமான ஒருவர் 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு லிங்க் கொடுத்தார். அந்த வருடத்தில் கிராஃபோர்ட் ஆடியதே ஒரு சண்டை. அதற்கு நான்கு நாள் முன்பே லிங்க் நின்றுவிட்டது. இந்தக் காலத்து வீரர்கள் ஏன் இவ்வளவு சோம்பேறிகளாகிவிட்டார்கள்? ரசிகர்களாகிய நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: சோம்பேறி என்ற சொல்லை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள். கிராஃபோர்ட் 2022 டிசம்பர், 2023 ஜூலை, 2024 ஆகஸ்ட், 2025 செப்டம்பர் என்று ஆண்டுக்கு ஒன்றாகத்தான் ஆடினார். 42 சண்டைகளில் ஒன்றிலும் தோற்காமல் ஓய்வும் அறிவித்துவிட்டார். மைக் டைசன் 1985இல் 15 முறையும் 1986இல் 13 முறையும் மேடை ஏறியதை நினைத்து நீங்கள் பெருமூச்சு விடுவது புரிகிறது. ஆனால் வளரும் காலத்தில் எல்லோருமே அடிக்கடி ஆடுவார்கள். நம் விஜேந்தர் சிங்கையே பாருங்கள்: 2015 அக்டோபரில் தொழில்முறைக்கு வந்தவர் 2016 முடிவதற்குள் எட்டுச் சண்டைகளை முடித்தார், அதற்குப் பின் 2022 ஆகஸ்ட் வரை ஆடியவை ஆறுதான். பெயர் ஏற ஏறச் சண்டை குறையும்.

காரணம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றுதான். வாடிவாசலில் பிடிபடாத காளைக்கு ஒரு விலை. ஒரே ஒரு முறை பிடிமாடு என்று பெயர் வாங்கிவிட்டால் அந்த விலை இல்லை. தோல்வியே காணாத வீரரின் பட்டியலில் தோல்விக்கு நேரே இருக்கும் பூஜ்யத்துக்கும் அப்படி ஒரு விலை உண்டு. அந்தப் பூஜ்யத்தைக் காப்பாற்றுவதுதான், சண்டைகளை ஏற்பாடு செய்யும் புரமோட்டரின் முழுநேரத் தொழில். போதாக்குறைக்கு டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று நான்கு அமைப்புகள், ஒவ்வொரு எடைப் பிரிவுக்கும் நான்கு உலகச் சாம்பியன் பட்டங்கள்! நான்கும் பட்டச் சண்டைக்குக் கட்டணம் வசூலிக்கின்றன. நான்கும், சாம்பியன் மோதியே ஆகவேண்டும் என்று தத்தம் கட்டாயப் போட்டியாளரைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. ஒரு புரமோட்டர் ஒரு ஒளிபரப்பு நிறுவனத்தோடும் எதிராளியின் புரமோட்டர் வேறொன்றோடும் ஒப்பந்தம் போட்டிருப்பார். மேவெதரும் பாக்கியாவும் மோத ரசிகர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 2015 மே மாதம் மோதியபோது இருவருமே உச்சம் தாண்டியிருந்தார்கள். இதைக் கேட்பாரில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

உடம்பின் கணக்கும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஒரு போட்டிக்கு என் மாணவன் ஒருவன் 600 கிராம் கூடுதலாக வந்து நின்றான். சித்திரை மாதம், காலை ஆறரை மணிக்கே புழுங்கியது. மழைக்கோட்டுக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் கயிறு தாண்டினான். வெளுத்துப்போன உதட்டில் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டானே தவிர ஒரு வாய் தண்ணீர் விழுங்கவில்லை. எடை சரியாக வந்தது. மாலையில் இரண்டாவது சுற்றிலேயே கால்கள் துவண்டுவிட்டன. மூன்று சுற்று ஆடும் பையனுக்கே அப்படியென்றால், பன்னிரண்டு சுற்றுக்காக எட்டு, பத்து வாரம் முகாமில் கிடந்து எடை குறைப்பவரை மறுமாதமே வா என்று அழைக்க முடியாது. நாக்அவுட் ஆனவருக்கு மருத்துவ ஓய்வு வேறு கட்டாயம்.

மெக்சிகோவின் சாவுல் ஆல்வாரெஸ் மட்டும் எப்படி அடிக்கடி ஆடினார் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, பலரும் இதைத்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 2020 டிசம்பரில் காலம் ஸ்மித், 2021 பிப்ரவரியில் இல்திரிம், மே மாதம் சாண்டர்ஸ், நவம்பரில் பிளாண்ட் என்று பதினோரு மாதத்துக்குள் நான்கு பேரை வென்று, சூப்பர் மிடில்வெயிட் எடைப் பிரிவின் நான்கு பட்டங்களையும் சேர்த்துக்கொண்டார். அவர் உடம்பு இரும்பு என்பதால் இது நடக்கவில்லை. 2020 நவம்பரில் அவர் தம் பழைய புரமோட்டரிடமிருந்தும் ஒளிபரப்பு ஒப்பந்தத்திலிருந்தும் விலகியிருந்தார். ஆகவே ஒவ்வொரு சண்டைக்கும் யாரோடு வேண்டுமானாலும் தனியாகப் பேசி முடிக்க அவரால் முடிந்தது. பெரும்பணம் அவர் பெயருக்கே வந்ததால் எதிராளிகளும் உடனே சம்மதித்தார்கள். கட்டு அவிழ்ந்தால் அடிக்கடி ஆடலாம் என்பதற்கு அவரே சாட்சி. ஆனால் கட்டை அவிழ்க்கும் அளவுக்குப் பெயர் பெற்றவர்கள் ஒரு தலைமுறைக்கு இரண்டு, மூன்று பேர்தான்.

இனி உங்கள் 1,800 ரூபாய். தயவுசெய்து இந்த லிங்க் வியாபாரிகளை நம்பாதீர்கள். அவர்கள் விற்பது பெரும்பாலும் திருட்டு ஒளிபரப்பு, இல்லாவிட்டால் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுத்த ஒரே கணக்கு. பெரிய சண்டை நெருங்கும்போதுதான் அது முடக்கப்படும். எனவே உங்களுக்கு நேர்ந்தது விபத்தே அல்ல. இதில் பெரிய வேடிக்கை, 2025 செப்டம்பரில் கிராஃபோர்ட் ஆல்வாரெஸை வென்ற அந்தச் சண்டை நெட்ஃபிளிக்ஸ் சந்தாதாரர்களுக்குக் கூடுதல் கட்டணம் இல்லாமலே கிடைத்தது. ஒரு மாதச் சந்தா போதும். இதே இனத்தைச் சேர்ந்த ஒரு தரகர்தான் வெளிநாட்டில் தொழில்முறைச் சண்டை வாங்கித் தருகிறேன் என்று என் மாணவன் ஒருவனிடம் மருத்துவச் சோதனை, விசா என்று 40,000 ரூபாய் கறந்துவிட்டுக் காணாமல் போனார். எந்தச் சண்டையைப் பற்றி யார் என்ன சொன்னாலும், தொழில்முறைச் சண்டைகளைப் பதிவு செய்யும் பாக்ஸ்ரெக் தளத்தில் அந்தத் தேதியும் இரண்டு பெயர்களும் இருக்கின்றனவா என்று பார்க்காமல் பணப்பையைத் திறக்காதீர்கள்.

ரசிகர் கையில் இருப்பது சந்தா மட்டுமே. ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள். சண்டைத் தேதி உறுதியான பின் அந்த மாதத்துக்கு மட்டும் கட்டி, முடிந்ததும் யுபிஐ ஆட்டோபே அனுமதியை ரத்து செய்யுங்கள். ஆண்டில் மூன்று, நான்கு முறை ஆடும் வீரர்களின் சண்டைக்குப் பணம் கொடுங்கள். நிறுவனங்கள் எந்த வாரம் சந்தா ஏறியது என்பதைக் கவனித்துக்கொண்டேதான் இருக்கின்றன. இன்னொன்று, ஒரு தோல்வி வந்ததும் "முடிந்தான்" என்று எழுதுவதை நாமே நிறுத்த வேண்டும். முகமது அலி 61 சண்டைகளில் ஐந்தில் தோற்றவர். அந்த ஐந்துக்காக யார் அவரைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள்?

பணம் கொடுத்ததற்கு ரசீது இல்லை என்று தயங்காதீர்கள். கைபேசியில் அனுப்பியிருந்தால் அந்தப் பரிவர்த்தனைப் பதிவும், அவர் வாட்ஸ்அப்பில் தந்த வாக்குறுதியுமே சான்று. இரண்டையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு வாரத்தில் பணம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ஆள் எண்ணை அணைத்துவிட்டிருந்தால் அன்றைக்கே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் பதிவு செய்யுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் வேறு கணக்குக்குப் போய்விடும். ஆள் கண்ணெதிரே நடமாடிக்கொண்டே மழுப்பினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு அங்கே கட்டணம் கிடையாது.

புகாரில் மட்டும் "கிராஃபோர்ட் ஒரு முறைதான் ஆடினார்" என்று எழுதிவிடாதீர்கள். லிங்க் நின்ற தேதியை எழுதுங்கள்.