ஒரு குதிரை, பல தலைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கில வரலாற்று நூல் ஒன்றில், ஆலிவர் கிராம்வெல் குதிரைமேல் அமர்ந்திருக்கும் செதுக்குப்படம் இருக்கிறது. வான் டைக்கைப் பின்பற்றி பியர் லொம்பார் செதுக்கியது என்று கீழே குறிப்பு. வான் டைக் இங்கிலாந்து அரசர் முதலாம் சார்ல்ஸின் அரண்மனை ஓவியர் அல்லவா? அந்த அரசரின் தலையை வாங்கியவரை அவர் எப்போது வரைந்தார்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வரையவே இல்லை. வான் டைக் 1641 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். கிராம்வெல் அப்போது வெறும் நாடாளுமன்ற உறுப்பினர். அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையிலான உள்நாட்டுப் போர் தொடங்கியதே அடுத்த ஆண்டுதான். அந்தப் போரின் மார்ஸ்டன் மூர், நேஸ்பி சண்டைகள் எல்லாம் அதற்கும் பிறகு.

வான் டைக் 1633இல் வரைந்தது சார்ல்ஸை. வளைவு வாசல் வழியே வெள்ளைக் குதிரையில் அரசர் நம்மை நோக்கி வருவார். குதிரைப் பயிற்சியாளர் பக்கத்தில் நின்று அவரை அண்ணாந்து பார்ப்பார். அந்த அமைப்பைத்தான் பிரெஞ்சுக்காரரான லொம்பார் 1650களில் லண்டனில் இருந்தபோது எடுத்துக்கொண்டார். அரசர் இல்லாத நாட்டை கிராம்வெல் 'காப்பாளர்' என்ற பட்டத்தோடு ஆண்ட காலம். குதிரை அரசருடையது, தலை மட்டும் கிராம்வெல்லுடையது.

கதை அதோடு முடியவில்லை. இத்தகைய படங்களைச் செதுக்கி அச்செடுக்கும் செப்புத்தகட்டில் ஒரு வசதி உண்டு. வேண்டாத இடத்தைச் சுரண்டி, தேய்த்து வழவழப்பாக்கி, பள்ளம் விழுந்தால் பின்பக்கம் சுத்தியால் தட்டி மேலே கொண்டுவந்து, மறுபடி செதுக்கலாம். அப்படி இந்த ஒரே தகட்டில் கிராம்வெல்லும் வந்தார், பிரான்சின் பதினான்காம் லூயியும் வந்தார், கடைசியில் சார்ல்ஸே வந்து அமர்ந்தார். தலையே இல்லாமல் எடுத்த அச்சும் உண்டு. அந்தப் பிரதியால்தான் 'தலையில்லாக் குதிரைவீரன்' என்ற பெயர் இதற்கு நிலைத்தது. தலை போன அரசரின் படத்துக்கு இப்படியொரு பெயர்!

தலை மாறிய கதையை வேதாளம் சொன்னபோது, தலை யாருடையதோ அவனே கணவன் என்று விக்கிரமாதித்தன் தீர்ப்பு சொன்னான். லொம்பாரின் தகட்டில் அது செல்லாது. இங்கே அதிகாரம் உடம்பில் இருக்கிறது: குதிரையில், கவசத்தில், நிமிர்ந்த முதுகில். மேலே யாரை வைத்தாலும் ஆள்பவராகத் தெரிகிறார். 1657இல் நாடாளுமன்றமே முடிசூட்டிக்கொள்ளச் சொன்னபோது மறுத்தவர் கிராம்வெல். அவரையும் அரசரின் குதிரையில் ஏற்றித்தான் காட்ட வேண்டியிருந்தது என்பது எனக்கு வேடிக்கையாகவும் கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கிறது.

ஆகவே உங்கள் புத்தகக் குறிப்பு முழுப் பொய்யல்ல, கழுத்துவரை உண்மை. கிராம்வெல்லின் நிஜ முகம் வேண்டுமென்றால் சாமுவேல் கூப்பர் வரைந்து பாதியில் விட்ட சிற்றோவியத்தைத் தேடிப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. மருவும் உண்டு, ஏறிப்போன நெற்றியும் உண்டு.

அப்புறம் அவருடைய சொந்தத் தலை. 1658இல் இறந்தவரின் உடலை முடியாட்சி திரும்பியபின் தோண்டி எடுத்து, 1661 ஜனவரி 30 அன்று, சார்ல்ஸின் தலை விழுந்த அதே தேதியில், தூக்கிலிட்டுத் தலையை வெட்டினார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் மேல் ஈட்டியில் பல ஆண்டுகள் நின்ற தலை, பிறகு கைமாறிக் கைமாறி, 1960இல்தான் கேம்பிரிட்ஜில் அவர் படித்த சிட்னி சஸ்ஸெக்ஸ் கல்லூரியில் புதைக்கப்பட்டது. சரியாக எந்த இடம் என்று கல்லூரி வெளியே சொல்வதில்லை.