வெள்ளம் உண்டோ?

அண்ணாச்சி, வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுக் கிளம்பும்போது, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே மெதுவாக ஒன்று கேட்டீர்கள். "பி.காம் முடிச்சவன் போனை நோண்டிக்கிட்டே டூர் நடத்தப் போறேங்கான். இது ஒரு வேலையா சார்?" உங்கள் மகன், நம் தம்பி, பக்கத்திலேயே நின்றதால் அப்போது பதில் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். படித்து முடித்ததும் அவனிடமும் கொடுங்கள்.

வேலைதான் அண்ணாச்சி. ஆனால் தம்பி நினைக்கிற இடத்தில் அந்த வேலை இல்லை.

அன்று அவனுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தை வாங்கிப் பார்த்தேன். பத்துப் பதினைந்து ரீல்ஸ் இருந்தன. பாலருவி, தென்மலை அணை, கழுதுருட்டியில் 13 கண் பாலத்தின் மேல் ரயில் போவது என எல்லாமே அழகாக எடுத்திருக்கிறான், கை நன்றாக வருகிறது. ஆனால் வண்டியில் எத்தனை பேர் உட்காரலாம், எங்கே வந்து ஏற்றுவீர்கள், யாரைக் கூப்பிட வேண்டும் என்பது ஒன்றிலும் இல்லை. குற்றாலத்து ஐந்தருவி வீடியோவுக்குக் கீழே ஒருவர் மலையாள எழுத்தில் ஒரு வரி கேட்டிருந்தார். கேட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. தம்பி மலையாளம் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவான், ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியாது. அதனால் ஏதோ பாராட்டு என்று நினைத்து ஒரு இதயத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். நான் படித்துக் காட்டினேன்: "ஞாயறாழ்ச வெள்ளம் உண்டாகுமோ? ஞங்கள் பதினொன்னு பேருண்டு."

பதினொரு பேர். உங்கள் வேனுக்கு அளவெடுத்த மாதிரி ஒரு கூட்டம். அவன் முகம் அப்போது போன போக்கை நீங்கள் பார்த்தீர்கள். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்தத் தொழில் எங்கே இருக்கிறது என்பது அந்த ஒரு வரியில் முழுசாக இருக்கிறது.

வெள்ளம் என்றால் மலையாளத்தில் தண்ணீர், நமக்கு அது பெருவெள்ளம். கேரள எல்லையில் புளியரை தாண்டிப் பழகிய நமக்கு இது சின்ன விஷயம், வெளியூர்க்காரருக்கு அப்படியல்ல. பக்கத்து ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு பையன், இரண்டு வருஷம் முன்னால் தன் டூர் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும்படி ஒரு நிறுவனத்திடம் மாதச் சம்பளம் போலப் பணம் கட்டி ஒப்படைத்தான். குற்றாலச் சீசன் நேரத்தில் கொல்லம் பக்கத்துக் குடும்பங்கள் "வெள்ளம் உண்டோ" என்று கேட்கக் கேட்க, எங்கோ உட்கார்ந்திருந்தவர்கள் "வெள்ளம் இல்லை, பயப்படாமல் வரலாம்" என்று பதில் போட்டிருக்கிறார்கள். அருவியில் தண்ணீர் இல்லை போல என்று அத்தனை பேரும் வராமல் இருந்துவிட்டார்கள். அருவியிலோ ஆர்ப்பரித்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் அதை என்னிடம் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. பக்கத்தைத் திரும்ப வாங்கவும் அவன் படாத பாடு பட்டான், ஏனென்றால் அது அவர்களுடைய நம்பரில் தொடங்கப்பட்டிருந்தது. ஆகவே கணக்கு, கடவுச்சொல், இரண்டடுக்குச் சரிபார்ப்பு எல்லாம் தம்பியின் கையிலேயே இருக்கட்டும்.

கடன் வாங்கி டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸில் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம். முதலில் அவன் மலையாள எழுத்து படிக்கட்டும். பேச்சு இருக்கிறவனுக்கு எழுத்து வர ஒன்றிரண்டு மாதம் போதும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர் நம் செங்கோட்டை. என் அப்பா அந்தக் காலத்துப் பள்ளியில் படித்தவர், அவரிடம்தான் நான் எழுத்து கற்றேன். நம் வீடுகளில் ஏற்கெனவே இருந்த சொத்து அது. அதைத் தம்பி திரும்ப எடுத்தால், குற்றாலத்துக்கும் தென்மலைக்கும் வருகிறவர்களோடு எந்தப் பெருநகரத்து ஏஜென்சியாலும் பேச முடியாதபடி அவனால் பேச முடியும்.

போன் வழியாக ஆள் வருமா என்ற சந்தேகம் உங்களுக்கு இருக்கிறது. தென்காசிப் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்தை நினைத்துப் பாருங்கள். எண்ணெய்க்காகப் போட்ட சூரியகாந்தி. ஜூலை, ஆகஸ்டில் பூத்ததும் கேரளப் பதிவு வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒருவர் எடுத்த படத்தைப் பார்த்து அடுத்தவர் வருகிறார். வரப்பை மிதித்துப் பயிரைக் கெடுக்கிறவர்களும் வருகிறார்கள். தம்பி கூட்டிப்போகும் ஆட்கள் அப்படி இருக்கக் கூடாது. வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டு, அவர் கேட்கிற காசைக் கொடுத்துவிட்டு உள்ளே இறங்குவதை அவன் வழக்கமாக்க வேண்டும்.

தம்பிக்கு நான் சொல்லும் முதல் வேலை இது. சீசன் மூன்று மாதமும் காலை 6 மணிக்கு அருவிக்கரையில் நின்று அரை நிமிட வீடியோ. பாட்டு வேண்டாம், தண்ணீர்ச் சத்தமே போதும். "இன்று ஜூலை 12, சனிக்கிழமை. பேரருவியில் குளிக்க அனுமதி உண்டு. ஐந்தருவியில் தண்ணீர் குறைவு. சாரல் இருக்கிறது" என்று முதலில் தமிழிலும் அப்புறம் மலையாளத்திலும் வாயால் சொல்ல வேண்டும். தேதியைச் சொல்லுவது முக்கியம். போன வருஷத்து அருவி இந்த வருஷம் வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டு வந்து, காய்ந்த பாறையைப் பார்த்து நிற்கும் குடும்பங்களை நீங்களே கண்டிருப்பீர்கள். தண்ணீர் இல்லாத நாளில் இல்லை என்று சொன்னால் அன்றைக்கு ஒரு சவாரி போகும், உண்மைதான். ஆனால் மறுவாரம் அந்தக் குடும்பம் இவனைக் கேட்டுவிட்டுத்தான் வண்டி எடுக்கும்.

போலீஸ் தடை போட்டிருக்கும் நாளில் "வாங்க, பார்த்துக்கலாம்" என்ற பேச்சே கூடாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த காட்டாற்று வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் போனான். மேலே மலையில் பெய்வது கீழே குளிப்பவருக்குத் தெரியாது. சவாரிக்கு ஆசைப்பட்டு இதில் பொய் சொல்கிறவன் இந்தத் தொழிலுக்கே வரக் கூடாது.

குளிக்கிற பெண்களையும் குழந்தைகளையும் படம் பிடிப்பது பற்றியும் தகப்பனாக நீங்களே அவனிடம் பேசுங்கள். கூட்டம் தெரிந்தால் லைக் ஏறும் என்று சிலர் எடுத்துப் போடுகிறார்கள். அது தவறு. கேமரா அருவியின் மேல்பாதியைப் பார்க்கட்டும். தன் வண்டியில் வந்தவர்களின் படமாக இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். வனத்துறை எல்லைக்குள் அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிடவே கூடாது.

வாட்ஸ்அப் பிசினஸ் இலவசம். கட்டணம், அதில் எது சேர்த்தி எது தனி, ஏறும் இடம், ரத்து செய்தால் என்ன என்ற நான்குக்கும் பதிலை முன்கூட்டியே எழுதி வைத்தால், அவன் வண்டியில் இருக்கும்போதும் ஒரு தட்டில் போய்ச் சேரும். கட்டணத்தை மறைத்து "டிஎம் பண்ணுங்க" (தனிச் செய்தியில் கேளுங்கள்) என்று எழுதுவதை விடச் சொல்லுங்கள். குடும்பத்தோடு வருகிறவர் ரூபாயைத்தான் முதலில் பார்ப்பார். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் நம் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். அதனால் இறக்கிவிடும்போது "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, சீசன் தொடங்கினதும் சொல்றேன்" என்று கேட்க வேண்டும். இன்னொன்று, கூகுள் மேப்பில் தொழிலைப் பதிவு செய்வது. இன்ஸ்டாகிராம் பார்ப்பவர் பொழுதுபோகப் பார்க்கிறார், கூகுளில் "செங்கோட்டை டூர் வேன்" என்று தேடுபவர் கிளம்பத் தயாராக இருக்கிறார். திரும்பும் வழியில் டீக்குடிக்க நிறுத்துகிற இடத்தில் கியூஆர் அட்டையை நீட்டி, கூகுளில் இரண்டு வரி விமர்சனம் எழுதச் சொல்லலாம். சித்தப்பா மகன், அத்தை மகன் எல்லாரையும் வைத்து ஐந்து நட்சத்திரம் போட வைக்க வேண்டாம். கூகுள் கண்டுபிடித்தால் நீக்கிவிடும், பக்கமே முடங்கவும் கூடும். குறை சொல்லி வருகிற விமர்சனத்துக்கு நிதானமாக, நடந்ததை ஒப்புக்கொண்டு பதில் எழுதினால் படிப்பவர்கள் அதைக் கவனிக்கிறார்கள்.

பணம் கட்டும் விளம்பரத்தை இரண்டாம் மாதம் பார்க்கலாம். நாள் ஒன்றுக்கு நூறு, இருநூறு ரூபாய்க்கு மேல் வேண்டாம். புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம் என்று ஊரைத் தேர்ந்தெடுத்து, புதன், வியாழனில் ஓடவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குத் திட்டம் போடுகிறவர் கண்ணில் படும். இந்தியா முழுக்க என்று அழுத்திவிட்டால் காசு காற்றில் போகும். கார்த்திகை பிறந்ததும் ஆரியங்காவு, அச்சன்கோவில் வழியாகச் சபரிமலை போகிறவர்களுக்காக மதுரை, விருதுநகர் பக்கம் திருப்ப வேண்டும். மஞ்சள் போர்டு, பெர்மிட், கேரள வரி எல்லாம் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒன்று மட்டும், கூட்டம் அதிகமானால் நண்பனின் வெள்ளை போர்டு காரை வாடகைக்கு ஓட்ட அவனை விடாதீர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கை கொடுக்காது.

படிப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. திருவனந்தபுரத்தில் கேரள அரசின் கிட்ஸ் என்ற சுற்றுலாப் படிப்பு நிறுவனம் 1988 முதல் நடக்கிறது, சுற்றுலாவில் எம்.பி.ஏ. இருக்கிறது. மத்திய அரசின் ஐஐடிடிஎம் என்ற சுற்றுலாப் படிப்பு நிறுவனத்துக்கு நெல்லூரில் வளாகம் உண்டு. ஒரு சீசன் வேலை பார்த்துவிட்டுப் போய் உட்கார்கிற பையனுக்கு அங்கே நடத்துகிற பாடம் வேறு மாதிரி புரியும். குரூப் 4 எழுதட்டும் என்கிறார்கள் வீட்டில். எழுதட்டும். காலை வீடியோவும் பதில் போடுவதும் போக, படிக்க நேரம் இருக்கிறது.

ஒரே ஒரு நோட்டு மட்டும் வாங்கிக் கொடுங்கள், நாற்பது பக்க நோட்டு போதும். கேட்டவர் எந்த ஊர், எதைப் பார்த்துக் கேட்டார், எத்தனை பேர், என்ன கட்டணம் சொன்னான், வந்தாரா இல்லையா, வராவிட்டால் ஏன் என்று ஒவ்வொரு விசாரிப்புக்கும் ஒரு வரி எழுதட்டும். மகரவிளக்கு முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் உட்காருவோம். இரண்டாவது வண்டிக்குக் கடன் வாங்கலாமா, அவன் மேற்படிப்புக்குப் போகலாமா என்பதை அந்த நோட்டை வைத்துத்தான் பேச வேண்டும்.

அந்தப் பதினொரு பேருக்கு ஞாயிறு இரவே தம்பி பதில் போட்டானா என்று கேளுங்கள். போடவில்லை என்றால் இன்றைக்காவது போடட்டும், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு. அப்பாவின் மலையாள அரிச்சுவடி பரணில் இருந்தது, எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு மாலை தம்பியை மட்டும் அனுப்பினால் போதும்.