மூன்றாம் நாளில் நின்றுபோன கரு

கேள்வி: எனக்கு 36 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறோம். ஐவிஎஃப் (ஆய்வுகூடத்தில் கருத்தரிக்க வைக்கும் சிகிச்சை) செய்ததில் ஆறு கருக்கள் கிடைத்தன. மூன்றாம் நாள்வரை பிரிந்தவை அப்படியே நின்றுவிட்டன. முட்டை எடுத்த மறுநாள் நான் பப்பாசி சாப்பிட்டதுதான் காரணம் என்கிறார் மாமி. உண்மையா, டொக்டர்? யாரில் பிழை?

பதில்: முதலில் பப்பாசியை முடித்துவிடுவோம். அந்த நாட்களில் கருக்கள் இருந்தது ஆய்வுகூட இன்கியூபேட்டரில், உங்கள் வயிற்றில் அல்ல. நீங்கள் வீட்டில் சாப்பிட்டது அங்கே எப்படிப் போகும்?

முட்டையும் விந்தணுவும் சேர்ந்ததுமே குழந்தையின் மரபணுக்கள் வேலையைத் தொடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. முதல் இரண்டு நாளும் அவை அநேகமாக உறக்கத்தில்தான். கோட்டையில் யாழ்ப்பாண ரயில் ஏறும்போது அம்மா சோற்றுப் பார்சல் கட்டித் தருவாரே, அப்படித்தான் முட்டை முதிரும்போதே ஆர்.என்.ஏ.யும் (புரதம் செய்வதற்கான மரபணுக் குறிப்பின் பிரதி) புரதங்களும் அதில் சேர்ந்துவிடுகின்றன. ஒரு கலம் இரண்டாகி நான்காவது அந்தப் பார்சலை வைத்துத்தான். அப்புறம் கரு தன் சொந்த மரபணுக்களை வாசித்துச் சமைத்தாக வேண்டும். மனிதரில் இது நான்குக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட கலக் கட்டத்தில் நடக்கிறது என்று 1988இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். சுண்டெலிக்கு இரண்டு கலத்திலேயே. மாட்டுக்கு எட்டுக்கும் பதினாறுக்கும் இடையில். (இந்த விஷயத்தில் நாம் எலியைவிட மாட்டுக்குக் கிட்ட என்பதை மாமியிடம் சொல்ல வேண்டாம்.)

உங்கள் கருக்கள் நின்றது ஏறக்குறைய இந்தக் கைமாறும் இடத்தில். மரபணுக்களைத் தாங்கும் நிறமூர்த்தங்களின் எண்ணிக்கை பிழையாக இருந்தால் கரு இங்கே தடங்கலாம்; வயதோடு முட்டைகளில் அது கூடும். முட்டை கொண்டுவந்த சேமிப்பே குறைவாக இருக்கலாம். விந்தணுவின் மரபணுப் பழுதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்துக்குப் பிறகுதான் வெளியே தெரியும். ஆகவே "யாரில் பிழை" என்று இப்போதைக்கு எவராலும் கை நீட்ட முடியாது.

சரி, அடுத்து? ஒவ்வொரு கருவும் எத்தனை கலத்தில் நின்றது என்ற பதிவைக் கிளினிக்கில் எழுத்தில் கேளுங்கள். எல்லாம் ஒரே கட்டத்தில் நின்றனவா என்பது முக்கியம். அடுத்த முறையும் அப்படியே நடந்தால் மரபணுப் பரிசோதனை பற்றிக் கதைக்கலாம். கணவர் புகைப்பவரானால் இன்றே நிறுத்தட்டும். புது விந்தணு உருவாக இரண்டரை மாதமளவு வேண்டும். நீங்கள் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுங்கள். 36 வயதில் ஒரு வருடம் தள்ளிப்போடுவதை மட்டும் நான் விரும்பமாட்டேன்.