கோத்தகிரியில் புற்றுநோய் விழிப்புணர்வு அறக்கட்டளை தொடங்க என்ன செய்ய வேண்டும்?

பதிவு வேலை எளிது. அறக்கட்டளை என்றால் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். சங்கமாக வேண்டுமென்றால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் தேவை. பான் அட்டை, வங்கிக் கணக்கு, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் வருமான வரித் துறைப் பதிவு (80ஜி என்பார்கள்) எல்லாம் அப்புறம் வரும்.

நீங்கள் நிறைய யோசிக்க வேண்டியது, யாரிடம், எப்போது போவது என்பதைத்தான். தேயிலைத் தோட்டத்தில் பெரும்பாலும் நாள் கூலி. வேலை நாளில் முகாம் வைத்தால் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு யார் வருவார்கள்? ஞாயிற்றுக்கிழமை, தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களிடம் வாயைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்: இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் முழுதாகத் திறக்காமை. பெண்களுக்கு 30 வயதுக்கு மேல் கருப்பைவாய்ப் பரிசோதனையை அரசு சுகாதார நிலையங்களிலேயே செய்கிறார்கள். அசிட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பது, சில நிமிடம்தான். பெண் செவிலியர் இருப்பார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கூச்சம் பாதி குறையும். படுகர் ஊர்களில் படுக மொழியில் பேச ஆள் இருக்கட்டும்.

சந்தேகம் வந்தவரை ஊட்டிக்கோ கோவைக்கோ அழைத்துப்போக ஆளும் வண்டிச் செலவும் தயாராக இல்லாமல் முகாம் நடத்தாதீர்கள். பயத்தை மட்டும் கொடுத்துவிட்டு வருவது பாவம். சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, அட்டை வாங்க உதவுங்கள்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாறு மருத்துவமனையைச் சிறிதாகத்தான் தொடங்கினார். நீங்கள் ஒரே ஒரு எஸ்டேட்டோடு தொடங்கலாம்.