செட்டர் ஊருக்குப் போவதற்குள் எஸ்.ஓ.பி. எழுதி முடிக்க முடியுமா?

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் சின்ன மெஷின் ஷாப் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் மெஷின்கள்: மூன்று சி.என்.சி. லேத், இரண்டு வி.எம்.சி., இரண்டு ஷிஃப்டிலும் சேர்த்து 22 பேர். ஆரம்பத்திலிருந்து கூட இருக்கும் சீனியர் செட்டர் (ஒவ்வொரு ஜாப்புக்கும் மெஷினைத் தயார்செய்து கொடுப்பவர்), தை பிறந்ததும் கிருஷ்ணகிரிக்கே போய்விடுகிறேன் என்கிறார். இந்த நேரம் பார்த்து, பெரிய கஸ்டமர் ஒருவர் சப்ளையர் ஆடிட்டுக்கு எஸ்.ஓ.பி. (ஒரு வேலையைப் படிப்படியாக எப்படிச் செய்வது என்று எழுதிய தாள்) எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று மெயில் அனுப்பியிருக்கிறார். இணையத்தில் கிடைத்த ஆங்கில மாதிரிகளை நிரப்பி ஃபைல் போட்டேன். ஆபரேட்டர் ஒருவர்கூட அதைத் தொடவில்லை. பாதிப் பேர் தமிழ், சிலர் கன்னடம், மீதி ஒடிசா, பீகார் பையன்கள். சாஃப்ட்வேர் போட்டுத் தருகிறோம் என்று ஒரு கம்பெனி கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. வாங்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கொட்டேஷனை இப்போதைக்கு மேஜை டிராயரில் போட்டு வையுங்கள். எழுதவே இல்லாத ஒன்றை எந்தச் சாஃப்ட்வேரும் டிஜிட்டல் ஆக்கித் தராது. செட்டர் தலையில் இருப்பதைக் காகிதத்தில் இறக்குவதுதான் முதல் வேலை. அதற்கு உங்களுக்குத் தை வரைதான் நேரம்.

எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தால் ஒன்றும் நடக்காது. எதை எழுதுவது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். செட்டருக்குச் சம்பளத்தோடு இரண்டு மூன்று நாள் லீவு கொடுத்து ஊருக்கு அனுப்புங்கள். அந்த நாட்களில் ஷாப்பிலிருந்து அவருக்குப் போகும் ஒவ்வொரு போனையும் சூப்பர்வைசர் குறித்து வைக்கட்டும். “அண்ணே, இன்செர்ட் மாத்தினேன், சைஸ் வரமாட்டேங்குது.” “அண்ணே, கூலண்ட் நாறுது.” “அண்ணே, இந்த ஃபிக்ஸ்சர்ல ஜாப் சரியா உட்காரல.” அந்தக் குறிப்போடு, கடந்த ஆறு மாத ரிஜெக்‌ஷன் ரிஜிஸ்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் திரும்பத் திரும்ப வரும் ஐந்தாறு வேலைகள்தான் உங்கள் முதல் எஸ்.ஓ.பி.க்கள். மெஷினை ஆன் செய்வது எப்படி என்றெல்லாம் எழுதி நாளைக் கழிக்காதீர்கள், அது எல்லோருக்கும் தெரியும்.

ஆடிட்டுக்கு இது போதுமா என்று தோன்றும். தர நிர்வாகத்துக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 9001-இன் 2008 பதிப்பு, ஆறு செயல்முறைகள் கட்டாயம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றது. 2015 பதிப்பில் அந்தக் கட்டாயப் பட்டியல் இல்லை, குவாலிட்டி மேனுவலும் கட்டாயமில்லை. எவ்வளவு எழுத வேண்டும் என்பதை உங்கள் ஷாப்பின் அளவும் வேலையின் சிக்கலும் முடிவு செய்யலாம். கஸ்டமர் தன் பங்குக்குத் தனிப் பட்டியல் வைத்திருக்கலாம். அதை மெயிலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். எப்படிப் பார்த்தாலும், நல்ல ஆடிட்டர் ஃபைலின் கனத்தைப் பார்க்கமாட்டார். நேராக மெஷினுக்குப் போய், “இந்த வேலையை எப்படிச் செய்வீர்கள்?” என்று ஆபரேட்டரைக் கேட்பார். அவர் சொல்வதும் தாளில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இணைய மாதிரியை நிரப்பிய ஃபைல் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

அடுத்து, செட்டரிடமிருந்து எப்படி வாங்குவது? பேனாவைக் கையில் கொடுத்தால் அவர் எழுதமாட்டார். வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று, அவர் பேசுவதைப் போனில் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் “ஏன்ணே இப்படி?” என்று கேட்க ஒரு இளம் ஆபரேட்டரை நிறுத்துங்கள். நீங்களே கேட்டால் முதலாளிக்குப் பதில் சொல்கிற மாதிரிதான் வரும், சின்னப் பையன் கேட்டால் சூட்சுமம் தானாக வெளியே வரும். இன்னொன்று, எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டால் தன் மதிப்புப் போய்விடும் என்று அவர் நினைப்பது இயல்பு. தயாரித்தவர் என்று தாளில் அவர் பெயரைப் போடுங்கள், கையில் ஒரு தொகையும் கொடுங்கள். உழைத்த மனிதருக்கு இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

எழுதுவதற்கு, அட்டவணை போலப் பக்கத்தில் பக்கத்தில் மூன்று பத்திகள் போதும்: என்ன செய்ய வேண்டும், எதில் கவனம், ஏன். 1940களில், போர்க்கால அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புது ஆட்களை வேகமாகப் பழக்குவதற்கு உண்டான முறையிலிருந்து வந்தது இது. அந்த முறை பிறகு ஜப்பான் போய் அங்கே ஊன்றிவிட்டது. வேலை கெட்டுப்போகும் இடம், ஆளுக்கு அடிபடும் இடம், கைப்பக்குவத்தால் வேலை சுலபமாகும் இடம் மூன்றும்தான் ‘கவனம்’ பத்தியில் வரவேண்டும். மற்றதை விட்டுவிடுங்கள்.

உதாரணத்துக்கு, லேத்தில் இன்செர்ட் (வெட்டும் முனை) மாற்றிய பிறகு சைஸ் கொண்டுவருவது. நீங்கள் நிரப்பிய மாதிரியில் “இன்செர்ட்டை மாற்றி ஆஃப்செட்டைச் சரிசெய்யவும்” என்று ஒற்றை வரி இருந்திருக்கும். (ஆஃப்செட் என்பது வெட்டும் முனையின் இடத்தைத் திருத்த மெஷினில் போடும் எண்.) அதை வைத்துக்கொண்டு நைட் ஷிஃப்டில் இருக்கும் பையன் என்ன செய்வான்?

செட்டர் நிஜத்தில் செய்வது வேறு. பழைய இன்செர்ட்டை எடுத்ததும் அது உட்காரும் இடத்தைப் பிரஷால் துடைத்து ஏர் அடிக்கிறார். ஏன்? ஒரு சின்ன சிப் (உலோகத் துருவல்) அடியில் மாட்டினாலும் இன்செர்ட் சாய்ந்துவிடும், சைஸ் பீஸுக்குப் பீஸ் ஆடும். ஸ்க்ரூவை அதற்கென வந்த சாவியால் மட்டும் முடுக்குகிறார், பைப் மாட்டி இழுப்பதில்லை. அப்புறம், முதல் பீஸை ஓட்டும் முன் வேர் ஆஃப்செட்டில் (தேய்மானத்துக்கான திருத்த எண்) விட்டத்தை மாற்றும் எக்ஸ் அச்சில் 0.2 மி.மீ. கூட்டி வைக்கிறார். வெளி விட்டம் கொஞ்சம் பெரிதாக வந்தால் மறுபடி வெட்டிக்கொள்ளலாம், சிறிதாகிவிட்டால் பீஸ் ஸ்கிராப். ஓட்டி, மைக்ரோமீட்டரில் பார்க்கிறார். 25.00 வரவேண்டிய இடத்தில் 25.26 இருக்கிறது. விட்டக் கணக்கில் ஓடும் புரோகிராம் என்பதால் மைனஸ் 0.26 கொடுக்க வேண்டும், பாதியாக்கக் கூடாது. மெஷினில் இருப்பது ஃபானுக் கம்பெனியின் கன்ட்ரோல் என்றால் இங்கேதான் கவனம்: ‘+இன்புட்’ அழுத்த வேண்டும். வெறும் ‘இன்புட்’ அழுத்தினால் புது எண் பழையதோடு சேராது, பழையதை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். டெசிமல் புள்ளியை இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் சைக்கிள் ஸ்டார்ட். உங்கள் ரிஜெக்‌ஷன் ரிஜிஸ்டரில் ‘அண்டர்சைஸ்’ என்று இருக்கும் வரிகளில் எத்தனை இந்த ஒரு பட்டனால் வந்தவை என்று செட்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கும். திரையின் போட்டோ, எந்தப் பட்டன் என்று ஒரு வட்டம், அவ்வளவுதான். போட்டோ உங்கள் மெஷினிலேயே எடுத்ததாக இருக்க வேண்டும்.

எழுதியதும் லேமினேட் செய்ய ஓடாதீர்கள். கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர் கையில் தாளைக் கொடுங்கள். செட்டர் பக்கத்தில் நிற்கலாம், வாய் திறக்கக் கூடாது. ஆபத்து என்றால் மட்டும் கையைப் பிடித்து நிறுத்தலாம். அந்தப் பையன் எங்கே தயங்கி நிமிர்ந்து பார்க்கிறானோ, தாளில் அங்கே ஓட்டை.

மொழி விஷயத்தில் ஒரே தாளில் நான்கு மொழியைத் திணிக்காதீர்கள். படங்களும் வரிசை எண்களும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும், எழுத்து மட்டும் தமிழ், கன்னடம், இந்தி என்று தனித்தனித் தாள். ஆஃப்செட், இன்செர்ட், சக் போன்ற சொற்களை மொழிபெயர்க்க வேண்டாம், ஷாப்பில் சொல்வது போலவே அந்தந்த எழுத்தில் போடுங்கள். போனில் மொழிபெயர்த்ததை அந்த மொழிக்கார ஆபரேட்டர் ஒருவர் சத்தமாகப் படித்துப் பார்த்த பிறகே ஒட்ட வேண்டும். ஒடிசா பையன்களுக்கு இந்தி பேச்சில் புரியும், எழுத்தில் எல்லோருக்கும் வராது. அவர்களுக்கு ஒரு நிமிட வீடியோ நல்லது.

சரி, டிஜிட்டலுக்கு வருவோம். தாளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது பெரிய வேலையில்லை. எந்த நேரத்திலும் ஒரு தாளின் ஒரே ஒரு ரிவிஷன் (திருத்திய பதிப்பு) மட்டும் ஷாப்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. உங்களைப் போன்ற ஷாப்களில் அடிக்கடி நடப்பது: கஸ்டமர் திருத்திய டிராயிங்கை வாட்ஸப்பில் அனுப்புவார். சூப்பர்வைசர் பிரிண்ட் எடுத்து ஒரு மெஷினில் ஒட்டுவார். பக்கத்து மெஷினில் பழையது எண்ணெய்க் கறையோடு தொங்கிக்கொண்டிருக்கும். எஸ்.ஓ.பி.க்கும் இதே கதிதான் நேரும். அதனால் ஒவ்வொரு தாளின் அடியிலும் எண், ரிவிஷன், தேதி, ஒப்புதல் கொடுத்தவர் கையெழுத்து இருக்கட்டும். எந்த மெஷினில் எந்தத் தாள், எந்த ரிவிஷன் தொங்குகிறது என்று ஒரு கூகுள் ஷீட். புதிய தாளை ஒட்டுபவர் பழையதைக் கிழித்து அலுவலகத்தில் ஒப்படைத்தால்தான் ஷீட்டில் தேதி மாறும். வாட்ஸப்பில் வந்தது எதுவும் நேராக மெஷினுக்குப் போகக் கூடாது.

கோப்புகளை வைக்க கூகுள் டிரைவே போதும், இலவசக் கணக்கில் 15 ஜி.பி. உண்டு. சூப்பர்வைசரின் சொந்த ஜிமெயிலில் வைக்காதீர்கள், கம்பெனி பெயரில் கணக்கு தொடங்குங்கள். அவரும் ஒருநாள் வேலையை விட்டுப் போகலாம். பி.டி.எஃப். மாறும்போது புதுக் கோப்பாக ஏற்றாமல், பழைய கோப்பிலேயே ‘புதிய பதிப்பு’ என்று ஏற்றுங்கள், லிங்க் மாறாது. பழைய பதிப்பை டிரைவ் 30 நாளில் அழித்துவிடக்கூடும். அதை நிரந்தரமாக வைக்கும் தேர்வைப் போட்டுவிடுங்கள், ஆடிட்டில் கேட்பார்கள்.

அந்த லிங்க்குக்கு க்யூஆர் கோடு எடுத்து மெஷினில் ஒட்டலாம். குரோம் பிரவுசரிலேயே க்யூஆர் எடுக்கும் வசதி இருக்கிறது. சில இலவசத் தளங்கள் தங்கள் சொந்த லிங்க் வழியாகத் திருப்பிவிடும் கோடு தருகின்றன. சோதனைக் காலம் முடிந்ததும் பணம் கட்டச் சொல்லி அது செத்துவிடலாம். வீடியோவை யூடியூபில் ‘அன்லிஸ்டட்’ ஆகப் போடுவதும் பாதுகாப்பில்லை, லிங்க் கிடைத்த யாரும் பார்க்கலாம். கஸ்டமரின் பார்ட்டோ டிராயிங்கோ அதில் தெரிந்தால் வம்பு. கூலண்ட் (வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் திரவம்) கலப்பது போன்ற பொது வேலைகளுக்கு மட்டும் அங்கே போடுங்கள். (கூலண்ட் வீடியோவில் தண்ணீரில்தான் எண்ணெயை ஊற்ற வேண்டும், எண்ணெயில் தண்ணீரை அல்ல என்பதைப் பெரிதாகக் காட்டுங்கள். கடின நீரான போர்வெல் தண்ணீரில் கூலண்ட் சீக்கிரம் பிரியும், அதையும் சொல்லுங்கள்.)

எண்ணெய்க் கையோடு யாரும் க்யூஆர் ஸ்கேன் செய்யமாட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். தினசரி வேலைக்கு லேமினேட் தாள், சந்தேகம் வந்தால் வீடியோ.

எஸ்.ஓ.பி. வேறு, அதன்படி செய்ததற்கான பதிவு வேறு. இரண்டையும் ஒரே நேரத்தில் டிஜிட்டல் ஆக்க முயல வேண்டாம். தாள்கள் ஷாப்பில் பழகிய பிறகு, ஃபர்ஸ்ட் பீஸ் அப்ரூவலை (முதல் பீஸை அளந்து பார்த்துக் கொடுக்கும் ஒப்புதலை) மட்டும் கூகுள் ஃபார்முக்கு மாற்றுங்கள். போட்டோ ஏற்றும் கேள்வி வைத்தால் கூகுள் கணக்கில் உள்நுழைந்திருக்க வேண்டும். அதனால் ஆபரேட்டர்களின் சொந்தப் போனைக் கேட்காமல், கம்பெனிக் கணக்கோடு ஒரு டேப்லெட்டை இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் வையுங்கள்.

சாஃப்ட்வேர் எப்போது? இரண்டாவது யூனிட் தொடங்கும்போது, அல்லது யாருக்கு எந்த ரிவிஷனில் பயிற்சி கொடுத்தீர்கள் என்று பெயர்வாரியாகக் கஸ்டமர் கேட்கத் தொடங்கும்போது. அன்றைக்கு அந்தக் கொட்டேஷனை எடுங்கள். ஒரு வருடம் கழித்து வேண்டாம் என்றால் எங்கள் கோப்புகளை முழுசாகத் திருப்பித் தருவீர்களா, எந்த வடிவத்தில் தருவீர்கள் என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வராவிட்டால் வாங்க வேண்டாம்.

கஸ்டமருக்கு இந்த வாரமே பதில் மெயில் போடுங்கள்: முதலில் எழுதப்போகும் ஐந்தாறு வேலைகளின் பெயர், ஒவ்வொன்றும் மெஷினுக்கு வரும் தேதி, பொறுப்பானவர். தேதிகளைச் செட்டரோடு உட்கார்ந்து முடிவு செய்துவிட்டு அனுப்புங்கள்.